பித்துக்குக் கண்ட மருந்துகள்

மனிதனுடைய அறிவு பேதலிக்கும்போது கெடுவது எது? உயிரா, உள்ளமா, உடலா? இது மிகப் பழைய வினா. பேய் பிடித்தது என்றும், முன்வினை மூண்டது என்றும், வேண்டாதவர் சூனியம் வைத்தனர் என்றும் நம்மூர்களிற் சொல்லப்பட்டு வந்த விடைகளை நேயர்கள் அறிவார்கள். சித்த வைத்தியரோ வாதம், பித்தம், சிலேட்டுமம் ஆகிய மூன்றும் தத்தம் அளவில் நில்லாமையே காரணம் என்றனர். 'பித்து' என்று நாம் வழங்கும் சொல்லே அக்கொள்கையை இன்றும் தாங்கி நிற்கின்றது. கிரேக்க நாட்டிலே இப்போக்கிராத்திசு என்பாரின் வழிவந்த வைத்தியரும் தெய்வங்களைப் பழியாது மூளையையே பழித்தனர். ஆகவே பைத்தியம் உடலிலிருந்து பிறக்கின்றது என்னும் எண்ணம் புதியதன்று. அதனை மெய்ப்பிக்கவும், மெய்ப்பித்ததைக் கொண்டு நோயைத் தீர்க்கவும் முயன்றதே புதியது. அம்முயற்சிக்கு ஏறத்தாழ இருநூறு வயது ஆகின்றது. அதன் வரலாற்றிற் சில பகுதிகளை மட்டும் இப்பேச்சிலே எடுத்துக்கொள்கின்றேன்.

பாரிசு நகரத்தை அடுத்த ஷரந்தோன் என்னும் இடத்திலே பித்தருக்கான பெரிய விடுதி ஒன்று இருந்தது. அங்கே பயிற்சி பெற்ற அந்துவான் பெய்ல் என்னும் இளைஞர், 1822ஆம் ஆண்டில், வைத்தியப் பட்டத்தின் பொருட்டு ஓர் ஆய்வுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்து மூன்று. விடுதியில் இறந்த சிலருடைய உடல்களை அறுத்துப் பார்த்ததில், அவர்களுடைய மூளையைப் போர்த்திருக்கும் சவ்வு தடித்து அழற்சியுற்றிருப்பதை அவர் கண்டார். அவர்கள் அனைவரும் ஏறக்குறைய ஒரே வகையாகவே நோயுற்றவர்கள். முதலிலே நாக்குக் குழறும், நடை தள்ளாடும். அதனோடு கூடவே பெருமைப் பித்தும் தோன்றும். நேற்றுவரை கடையைக் கருத்தாய் நடத்தியவர், தமக்குக் கோடி கோடியாய்ப் பொன் இருக்கின்றது என்பார். அரசிளங்குமரிகள் தம்மை மணக்கக் காத்திருக்கின்றனர் என்பார். பின்பு வெறி மூளும். முடிவில் அறிவு முற்றாக மழுங்கி, கைகால் ஓய்ந்து, சில ஆண்டுகளுக்குள் இறப்பார். இந்நோயை வைத்தியர்கள் பொதுவாதம் என்ற பொருள்படப் பெயரிட்டனர். நாமும் அப்பெயரையே வழங்குவோம்.

பெய்ல் கண்டது சிறிய செய்தி போலத் தோன்றலாம். அதற்கு முன்னர், இன்ன பைத்தியம் மூளையின் இன்ன கேட்டினால் வருகின்றது என்று எவராலும் காட்ட முடியவில்லை. இப்போது ஒன்றேனும் கிடைத்தது. 1845ஆம் ஆண்டில் ஜேர்மனியிலே வில்லெம் கிறீசிங்கர் என்னும் அறிஞர், மனநோய்கள் மூளையின் நோய்களே என்ற கொள்கையைத் தம் நூலின் வாயிலில் நிறுத்திய காலத்தில், கையில் எடுத்துக் காட்டக்கூடிய உறுதியான சான்று பெரும்பாலும் இப்பொதுவாதமே.

ஆனால் இந்நோய் ஏன் வருகின்றது? குடி என்றனர் சிலர். நெப்போலியனுடைய போர்களில் அடிபட்ட வீரர் பலரிடம் அது காணப்பட்டமையின், போரின் அதிர்ச்சியும் பேராசையின் வீழ்ச்சியும் காரணம் என்றனர் வேறு சிலர். பெருமைப் பித்து என்பது நோயாளியின் ஒழுக்கத்தின் மேல் எழுதப்பட்ட தீர்ப்பு என்றே பலர் எண்ணினர். 1857ஆம் ஆண்டில் எஸ்மார்க், யெசன் என்னும் இருவர், இந்நோயாளிகள் முன்னொரு காலத்தில் சிபிலிசு என்னும் மேகநோய்க்கு ஆளானவர்கள் என்று எடுத்துரைத்தனர். அதனை ஏற்போர் மிகச் சிலரே. ஏலாமைக்கும் காரணம் இருந்தது. மேகநோய் வந்து பத்து, இருபது ஆண்டுகள் கழிந்த பின்னரே பொதுவாதம் தலைகாட்டும். மேகநோய் வந்தவர் எல்லாருக்கும் அது வருவதும் இல்லை. இளமையில் வந்த நோயை மறைக்கின்றவரும் உண்டு, மறந்துவிட்டவரும் உண்டு.

இந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கு நடந்த ஒரு செயலைச் சொல்லாமல் விடலாகாது. வியன்னாவின் பேர்பெற்ற பேராசிரியர் கிராஃப்ற் ஏபிங், 1897இல் மொஸ்கோ நகரில் நடந்த வைத்திய மாநாட்டிலே ஒரு சோதனையை அறிவித்தார். பொதுவாத நோயாளர் ஒன்பது பேருக்கு மேகநோயின் நஞ்சு வேண்டுமென்றே ஏற்றப்பட்டது. ஒருவருக்கேனும் புதிய புண் எழவில்லை. ஆகவே அவர்கள் முன்னரே அந்நோய்க்கு ஆளானவர்கள் என்பது முடிபு. முடிபு சரியே. அந்த ஒன்பது பேரையும் எவரும் கேட்டுச் செய்யவில்லை. கேட்டாலும் விடை சொல்லும் அறிவு அவர்களுக்கு எஞ்சியிருக்கவில்லை.

1905இல் மேகநோயின் கிருமி, திருகாணி போன்ற சுருள் வடிவில், நுணுக்குக்காட்டியின் கீழ் அகப்பட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து அதனை மூளைக்குள்ளேயே கண்டவர் யப்பானியராகிய ஹிதேயோ நொகுச்சி. ஏழை உழவர் குடும்பத்திற் பிறந்து, குழந்தைப் பருவத்தில் அடுப்பு நெருப்பில் விழுந்து இடக்கை ஊனமுற்றவர் அவர். நியூயோர்க் நகரத்து றொக்பெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில், மூர் என்பவரோடு சேர்ந்து, பொதுவாதத்தால் இறந்த எழுபது பேரின் மூளைகளைச் சாயமேற்றி ஆராய்ந்தார். பன்னிரண்டு மூளைகளில் கிருமி இருந்தது. 1913ஆம் ஆண்டில் வெளியான அக்கட்டுரை சில பக்கங்களே கொண்டது. ஐரோப்பிய நகரங்களின் பித்தர் விடுதிகளிற் சேர்க்கப்பட்ட ஆண்களுள் பத்தில் ஒருவருக்கேனும் இருந்த ஒரு நோய், பேயினாலன்று, பேராசையாலன்று, கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியினால் வந்தது என்பது அன்றோடு உறுதியாயிற்று.

காரணம் தெரிந்துவிட்டது, தீர்வோ வேறோர் இடத்திலிருந்து, முற்றிலும் வேறொரு வழியாக வந்தது.

யூலியஸ் வாக்னர்-யவுரெக் என்பவர் வியன்னாவில் உளநோய் வைத்தியராய் இருந்தவர். சிக்மண்ட் பிராய்டுடன் இளமையில் ஒருங்கு பயின்றவர். பிராய்டு உள்ளத்தின் ஆழங்களைத் தேடிச் சென்றார்; இவரோ அப்பக்கம் திரும்பவேயில்லை. 1883இல், பித்துற்றிருந்த பெண்ணொருத்தி, தோலைப் பற்றும் அக்கி போன்ற ஒரு தொற்றுநோயால் கடுங்காய்ச்சல் கண்டு, காய்ச்சல் தணிந்தபோது பித்தும் தெளிந்து எழுந்ததை அவர் பார்த்தார். அதனை அவர் மறக்கவில்லை. 1887இலேயே, பித்தைக் காய்ச்சலால் ஓட்டலாமா என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். மலேரியாவின் பெயரையும் அதிலே குறித்தார். பின்பு காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த மருந்தைக் கொண்டு பல ஆண்டுகள் முயன்றார். கருதிய பயன் நிலைக்கவில்லை.

முப்பது ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரின் நடுவே, 1917ஆம் ஆண்டு யூன் 14ஆந் திகதி, மக்கெதோனியப் போர்முனையிலிருந்து முறைக்காய்ச்சலோடு வந்த போர்வீரன் ஒருவனுடைய இரத்தத்தை எடுத்து, பொதுவாதத்தால் நலிந்திருந்த நடிகர் ஒருவருக்கு ஏற்றினார். ஒன்றுவிட்டொரு நாள் நடுக்கும் காய்ச்சல் வந்தது. சில முறை வந்து போகவிட்டுக் கொயினா கொடுத்து நிறுத்தினார். இவ்வாறே ஒன்பது பேருக்குச் செய்தார். ஆறு பேர் தேறினர்; அந்த ஆறு பேரிலும் சிலருக்கு நோய் திரும்பியது; ஒருவர் இறந்தார். பின்னொரு முறை, வகை தெரியாமற் கொடிய மலேரியாவின் இரத்தத்தை ஏற்றிவிட்டதால் நோயாளிகள் சிலர் மாண்டனர். எனினும் முறை பரவியது. முன்னர் ஒருவரும் பிழையாத நோயிலிருந்து சிலரேனும் பிழைத்து, வீடு திரும்பி, தொழில் செய்தனர். 1927இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இங்கிலாந்திலே எப்சம் என்னுமிடத்து ஹோட்டன் வைத்தியசாலையில் இதற்கென்றே நுளம்புகளை வளர்த்தனர். மலேரியா ஏற்றிய நுளம்புகள் கண்ணாடிக் குடுவைகளில் அடைக்கப்பட்டு நாட்டின் பல வைத்தியசாலைகளுக்கும் போயின. நம் நாட்டவர்க்கு இது விந்தையாகவே தோன்றும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் அதே மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நுளம்பு அங்கே மருந்தாகவும் இங்கே கூற்றுவனாகவும் ஒரே காலத்திற் பறந்தது.

காய்ச்சல் எவ்வாறு நோயைத் தணித்தது? வெப்பம் கிருமியைக் கொன்றது என்பர் ஒருசாரார். உடலின் எதிர்ப்பாற்றல் கிளர்ந்தது என்பர் மற்றொருசாரார். நாம் இங்கு கருதவேண்டியது வேறொன்று. மலேரியா ஏற்றப்பெற்றவரையும் ஏற்றப்பெறாதவரையும் சமமாகப் பிரித்து, ஒப்பிட்டு எண்ணிப் பார்த்த செம்மையான சோதனை ஒன்றும் நடக்கவில்லை. தேறக்கூடியவர் எவர் என்று வைத்தியரே தெரிந்தெடுத்து அவர்களுக்கே மலேரியா கொடுத்தனர். சிகிச்சையாலேயே நூற்றுக்கு ஐந்து முதற் பதினைந்து பேர் வரை இறந்தனர். எத்தனை பேர் உண்மையில் அதனாற் பிழைத்தனர் என்று துணிந்து சொல்ல இப்போது வழியில்லை. 1943இல் அமெரிக்காவில் யோன் மஹோனி என்பவர் பெனிசிலினால் மேகநோயைத் தீர்த்துக் காட்டினார். அதன் பின்னர் சில ஆண்டுகளுக்குள் மலேரியாச் சிகிச்சை மறைந்தது. பொதுவாதமும் விடுதிகளிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. ஒரு பைத்தியத்தின் காரணம் தெரிந்து, அக்காரணத்தைத் தாக்கி அதனை ஒழித்த கதை இது. இதற்கு நிகராகச் சொல்லத்தக்க இன்னொரு கதை பெரிய மனநோய்களின் வரலாற்றில் இன்றுவரை அரிதே.

இவ்வெற்றியின் நிழலும் நீளமானது. ஒரு பித்துக்குக் கிருமி அகப்பட்டால் எல்லாப் பித்துக்கும் அகப்படாதோ என்று எண்ணியவர்கள் பலர். அவருள் ஒருவர் ஹென்றி கொட்டன். அமெரிக்காவிலே நியூ யேர்சி மாநிலத்துத் திரென்டன் பித்தர் விடுதிக்கு 1907இல் தலைவராய் வந்தவர். ஜேர்மனிக்குச் சென்று கிரேப்பெலின், அல்சைமர் போன்ற பேரறிஞர்களிடம் பயின்றவர். வந்தவுடன் நோயாளரைக் கட்டிவைக்கும் சங்கிலிகளையும் வார்களையும் அப்புறப்படுத்தினார். தீயவர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. நல்லவர், கற்றவர், ஓயாது உழைப்பவர். இந்த வரலாற்றில் என்னை மிகவும் அச்சுறுத்துவது அதுவே.

உடம்பின் மூலைமுடுக்குகளில் ஒளிந்திருக்கும் சீழும் கிருமியும் நஞ்சை இரத்தத்திற் கலந்து மூளையைக் கெடுக்கின்றன என்பது கொட்டனுடைய கொள்கை. 1916இலிருந்து நோயாளரின் பற்களைப் பிடுங்கலானார். நோய் தீராவிட்டால் தொண்டைக் கழலைகள், அதற்கும் மசியாவிட்டால் இரைப்பை, மண்ணீரல், கருப்பை, முடிவிலே பெருங்குடல். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமடைகின்றனர் என்று அறிவித்தார். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அவரை அழைத்துச் சொற்பொழிவு செய்வித்தது. 1921இல் அவை நூலாகவும் வந்தன. செல்வக் குடும்பங்கள் தம் நோயாளரைத் தேடிக்கொண்டு வந்தன. குடலறுத்தவருள் நூற்றுக்கு முப்பது பேரளவில் இறந்தனர் என்பது அவரே ஒப்புக்கொண்ட கணக்கு. மறுத்த நோயாளரும் இருந்தனர். மறுப்பும் நோயின் குறியே என்று கொள்ளப்பட்டது. தம் சொந்தப் பிள்ளைகளின் பற்களையும் அவர் முன்னெச்சரிக்கையாகப் பிடுங்குவித்தார். தாம் நம்பாத ஒன்றைப் பிறர்மேற் செய்தவர் அல்லர் அவர்.

எண்ணிப் பார்த்தவர்கள் இல்லாமற் போகவில்லை. நியூயோர்க்கிலே கொப்பெலொப் என்பவரும் அவருடைய துணைவரும், 1922, 1923ஆம் ஆண்டுகளில், ஒத்த நோயாளரை இரு கூறாக்கி, ஒரு கூற்றாருக்கு மட்டும் பற்களையும் தொண்டைக் கழலைகளையும் அகற்றிப் பார்த்தனர். இரு கூற்றாரிடையும் வேறுபாடு காணப்படவில்லை. கேட்டவர் கேளாதார் போலிருந்தனர். 1924இல், பல்ரிமோர் நகரத்துப் பேராசிரியர் அடொல்ப் மேயர், தம்மிடம் பணிபுரிந்த பிலிஸ் கிறீனேக்கர் என்னும் பெண் வைத்தியரைத் திரென்டனுக்கு அனுப்பினார். அவர் நோயாளரை ஒவ்வொருவராகத் தேடி, வீடு திரும்பியவரை வீட்டிலும் விடுதியில் இருந்தவரை விடுதியிலும் கண்டு, ஒன்றரை ஆண்டளவு உழைத்துக் கணக்கெடுத்தார். மிகுதியாகச் சிகிச்சை பெற்றவர்கள் மிகுதியாகக் கெட்டிருந்தனர். குறைவாகப் பெற்றவர்களே நன்றாயிருந்தனர். அறிக்கை மேயரின் கைக்கு வந்தது. கொட்டன் அவருக்கு மாணாக்கராய் இருந்தவர். அறிக்கை வெளிவரவில்லை. கொட்டன் 1933இல் இறக்கும்வரை மதிப்போடேயே இருந்தார். பத்திரிகைகள் அவரைப் புகழ்ந்து எழுதின.

கொட்டனையும் வாக்னர்-யவுரெக்கையும் நாம் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இருவரும் உளநோயின் வேர் உடலில் உண்டு என்றே நம்பினர். இருவரும் அரைகுறைச் சான்றைக் கொண்டே நோயாளரின் உடலிற் கைவைத்தனர். ஒருவருக்கு நோபல் பரிசு. மற்றவருக்கு வரலாற்றின் பழி. கொள்கையினால் மட்டும் இவ்விருவரையும் வேறுபடுத்த முடியாது. ஒருவருடைய ஊகம் மெய்யான கிருமி ஒன்றன்மேல் விழுந்தது, மற்றவருடையது விழவில்லை. விழுந்ததா, விழவில்லையா என்பதைக் காட்டவல்லது எண்ணிப் பார்த்தல் ஒன்றே. அதனைத் தாமாக மனமுவந்து செய்தவர் அக்காலத்தில் மிகச் சிலர்.

மூளையின் முன்பகுதி நரம்பிழைகளை அறுக்கும் சத்திரசிகிச்சையைப் பற்றி நேயர் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனைச் சுருக்கமாகவே சொல்கின்றேன். 1935ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் லிஸ்பன் நகரில் ஈகாஸ் மொனிஸ் அதனைத் தொடங்கினார். முதல் இருபது பேருள் ஏழு பேர் குணமடைந்தனர், ஏழு பேர் தேறினர், ஆறு பேர் மாறவில்லை என்று, அவர்களைச் சில கிழமைகளே கவனித்துவிட்டு எழுதினார். அமெரிக்காவில் வால்ட்டர் பிறீமன் அதனைக் கண்குழியின் வழியே ஊசியைச் செலுத்திச் சில நிமிடங்களில் முடிக்கும் முறையாக்கினார். அந்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 பேர் அதற்கு ஆளாயினர். மொனிசுக்கு 1949இல் நோபல் பரிசு கிடைத்தது. சோவியத்து நாடு மறு ஆண்டே அதனைத் தடைசெய்தது. துன்புற்றுக் கூச்சலிட்டவர் அமைதியானார்கள் என்பது உண்மை. அவர்களுள் எத்தனை பேர் பின்பு பழைய மனிதராய் எழுந்து பேசினர் என்பதுதான் கேட்கப்படவில்லை.

இனி ஒரு நல்ல கதை. அதுவும் பிழையிலிருந்தே தொடங்குகின்றது.

ஜோன் கேட் என்னும் அவுஸ்திரேலிய வைத்தியர், 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது யப்பானியரிடம் சிறைப்பட்டு, சாங்கிச் சிறைமுகாமில் மூன்றரை ஆண்டுகள் கிடந்தவர். ஊர் திரும்பிய பின், மெல்பேண் நகரை அடுத்த பண்டூராவில், பழைய படைவீரர்க்கான வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். வெறிபிடித்துக் களிப்பின் உச்சியில் நிற்பவருடைய உடலில் ஏதோ ஒரு நஞ்சு மிகுந்திருக்கின்றது என்பது அவருடைய ஊகம். அந்நஞ்சு சிறுநீரில் இறங்கும் அன்றோ? ஆகவே நோயாளரின் சிறுநீரைக் கினிப் பன்றிகளுக்கு ஏற்றினார். ஆராய்ச்சிக்கூடம் என்பது பாவிப்பில் இல்லாத ஒரு சமையலறை. சிறுநீரிலுள்ள யூரிக் அமிலம் எளிதிற் கரையாது. கரைவதற்காக அதனை இலிதியம் என்னும் உலோகத்தின் உப்பாக மாற்றினார். எதிர்பாராத வகையில் அவ்வுப்பு நஞ்சின் வேகத்தைத் தணித்தது. இலிதிய உப்பை மட்டும் தனியே ஏற்றியபோது, துள்ளித் திரியும் கினிப் பன்றிகள் மல்லாந்து கிடந்து அமைதியாய் விழித்துப் பார்த்தன. அளவு மிஞ்சியதாலேயே அவை அவ்வாறு கிடந்திருக்கலாம் என்பது இப்போதைய எண்ணம். அவருடைய நஞ்சுக் கொள்கையும் பிழை. எனினும் அவர் இலிதியத்தைத் தாமே உட்கொண்டு பார்த்துவிட்டு, 1948இல் நோயாளருக்குக் கொடுத்தார்.

முதலிற் பெற்றவர் ஐம்பத்தொரு வயதினர். ஐந்து ஆண்டுகளாக ஓயாத வெறியோடு அந்த வைத்தியசாலையைக் கலக்கிக்கொண்டிருந்தவர். சில மாதங்களில் அவர் வீடு சென்று பழைய வேலைக்குத் திரும்பினார். இவரையும் சேர்த்து வெறிநோயாளர் பத்துப் பேரின் கதையைக் கேட் 1949ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியிட்டார். வீடு சென்ற அந்த முதல் நோயாளர் மருந்தை விட்டார், நோய் மீண்டது, மறுபடி கொடுத்தபோது நஞ்சேறி 1950இல் இறந்தார். கேட் மனங்கலங்கிச் சிறிது காலம் அம்மருந்தையே கைவிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில், இருதய நோயாளருக்குக் கறியுப்புக்குப் பதிலாக விற்கப்பட்ட இலிதிய உப்பினாற் சிலர் இறந்ததால், அங்கே அது தடுக்கப்பட்டது. இலிதியத்தின் வாழ்வு பிறந்தவுடனேயே முடிந்தது என்று நினைக்கலாம்.

அதனைக் காத்தது அளவும் எண்ணும். மெல்பேணிலேயே திரவுட்னர் என்பவரும் அவருடைய துணைவரும் நோயாளரின் இரத்தத்தில் இலிதியம் எத்துணை இருக்கின்றது என்று அளக்கும் வழியைப் பழக்கத்துக்குக் கொணர்ந்தனர். எவ்வளவில் மருந்து, எவ்வளவில் நஞ்சு என்பது அதனால் விளங்கிற்று. டென்மார்க்கிலே மோகென்ஸ் ஸ்கௌ என்பவர், 1954இல், இலிதியத்தையும் மருந்தற்ற போலிக் குளிகையையும் வைத்துச் சோதித்தார். நோயாளருட் சிலருக்கு எதைக் கொடுப்பது என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார். வைத்தியத்தில் நாணயம் சுண்டுவதா என்று கேட்பவருக்கு, திரென்டன் விடுதியில் எவரும் சுண்டவில்லை என்பதை நினைவூட்ட விரும்புகின்றேன்.

ஸ்கௌ அதோடு நின்றுவிடவில்லை. இலிதியம் வெறியைத் தணிப்பதோடு, வெறியும் சோர்வும் மாறி மாறி வருவதையே தடுக்கும் என்று அவரும் அவருடைய தோழர் போஸ்திரப்பும் 1967இற் கூறினர். 1968இல் இலண்டனிலிருந்து மைக்கல் செப்பேட் என்னும் உளநோய்ப் பேராசிரியரும் அவருடைய தோழர் ஒருவரும், இது இன்னொரு கட்டுக்கதையோ என்று கேட்டு எழுதினர். போலி மருந்தோடு ஒப்பிடாத கணக்கு கணக்காகுமா என்பது அவர்களுடைய வினா. ஸ்கௌவின் குடும்பத்திலேயே அத்தகைய நோய் உண்டு. அவர் நம்ப விரும்பியதை நம்புகின்றார் என்றும் பேச்சு இருந்தது. ஸ்கௌ சினந்தார். ஆயினும் சோதனையைச் செய்தார். இலிதியத்தால் நலமாயிருந்தவருட் சிலருக்கு, அவரும் வைத்தியரும் அறியாவண்ணம், போலிக் குளிகை மாற்றிக் கொடுக்கப்பட்டது. 1970இல் வெளியான முடிவு இது: இலிதியத்தைத் தொடர்ந்து பெற்றவருள் ஒருவருக்கேனும் நோய் திரும்பவில்லை; போலிக் குளிகை பெற்றவருட் பாதிக்கு மேற்பட்டோருக்குத் திரும்பிற்று. அதே ஆண்டில் அமெரிக்காவும் தன் தடையை நீக்கி, வெறிநோய்க்கு அதனை ஏற்றது. ஐயுற்றவரால் மருந்து உறுதிபெற்றது. அது மூளையில் எவ்வாறு தொழிற்படுகின்றது என்பது முற்றாக விளங்காதிருந்தும், இருமுனை நோய்க்கு இன்றும் முன்வரிசை மருந்துகளில் ஒன்றாக அது இருக்கின்றது.

இதற்கிடையில் 1952இல், பாரிசின் சந்தான் வைத்தியசாலையில், டிலே, தெனிக்கர் என்னும் இருவர் குளோர்புரோமசீன் என்னும் மருந்தைப் பித்தருக்குக் கொடுத்தனர். சத்திரசிகிச்சைக்கு முன்னே நோயாளரை அமைதிப்படுத்த அன்றி லபோரி என்னும் படை வைத்தியர் பயன்படுத்திய மருந்து அது. இல்லாத குரல்களைக் கேட்டு அஞ்சியவர்கள் அவற்றிலிருந்து விலகினர். 1955இல் அமெரிக்காவின் அரசாங்க மனநோய் விடுதிகளில் ஐந்தரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். பின்னர் அத்தொகை ஆண்டுக்காண்டு இறங்கியது. நீண்டகாலம் உண்டவருட் பலருக்கு வாயும் நாவும் தம்மையறியாது அசையும் குறை வந்தது என்பதையும் கூறவேண்டும். விடுதியை விட்டு வெளியேறியவர் எல்லாரும் வீட்டை அடையவும் இல்லை.

இறுதியாக, நம் அயலிலிருந்தே புறப்பட்ட ஒரு மருந்து. சர்ப்பகந்தி என்னும் செடி இந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. சிங்கள வைத்தியர் ஏகவேரிய என்பர். பாம்புக்கடிக்கும் பித்துக்கும் அதன் வேரை நாட்டு வைத்தியர் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931இல் கல்கத்தாவின் கணநாத சேனும் கார்த்திக் சந்திர போசும், பித்தையும் இரத்த அழுத்தத்தையும் அவ்வேர் தணிக்கின்றது என்று ஆங்கிலத்திலே எழுதினர். ஐரோப்பா அதனைப் படிக்கவில்லை. 1949இல் பம்பாயின் ருஸ்தம் வக்கீல், இரத்த அழுத்தத்துக்கு அதனைக் கொடுத்துக் கண்ட பயனைப் பிரித்தானிய இதழொன்றில் எழுதிய பின்னரே மேல்நாட்டார் கவனித்தனர். 1952இல் சுவிற்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதிலிருந்து ரெசர்ப்பின் என்னும் சத்தைப் பிரித்தெடுத்தனர். 1954இல் நியூயோர்க்கில் நேதன் கிளைன் அதனைப் பித்தருக்குக் கொடுத்து நற்பயன் அறிவித்தார்.

மூளையின் இரசாயனத்தை ஆராய்ந்தவர்களுக்கு ரெசர்ப்பின் ஒரு திறவுகோலாயிற்று. அது மூளையிலுள்ள செரட்டோனின் முதலிய பொருள்களை வடித்துவிடுகின்றது என்று கண்டனர். 1957இல் சுவீடனிலே ஆர்விட் கார்ல்சன், ரெசர்ப்பின் ஏற்றி அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு டோபா என்னும் பொருளை ஏற்றினார். முயல்கள் சற்று நேரத்தில் எழுந்து ஓடின. அதிலிருந்தே நடுக்குவாதத்துக்கு மருந்து பிறந்தது. கார்ல்சனுக்கு 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. ஒரு நாட்டு வேர் அத்துணை தூரம் கொண்டுபோயிற்று.

அதே வேர் இன்னொரு திசையிலும் கொண்டுபோயிற்று. இரத்த அழுத்தத்துக்கு ரெசர்ப்பின் உண்ட சிலர் மனச்சோர்வுற்றனர் என்று வைத்தியர்கள் எழுதினர். ரெசர்ப்பின் அப்பொருள்களை வடிக்கின்றது, உண்டவர் சோர்கின்றனர், ஆகவே மனச்சோர்வு என்பது அப்பொருள்களின் குறைவே என்று முடிவு கட்டினர். 1960ஆம் ஆண்டுகளில் இம்முடிபு கோட்பாடாகி, பாடநூல்களில் ஏறி, பின்பு மருந்து விற்பவரின் விளம்பரங்களிலும் ஏறி, மனச்சோர்வு மூளை இரசாயனத்தின் சமநிலைக் கேடு என்று பொதுமக்களும் சொல்லும் நிலைக்கு வந்தது. மனச்சோர்வுக்கான மருந்துகள் பலருக்குப் பயன்படுகின்றன என்பது சோதனைகளிற் கண்டது. அப்பயன் ஒரு குறையை நிரப்புவதால் வருகின்றது என்பதற்கோ அத்தகைய சான்று இன்றுவரை கிடைக்கவில்லை.

ரெசர்ப்பினை மனச்சோர்வுற்றவருக்கே கொடுத்து எண்ணிப் பார்த்தவர்களும் இருந்தனர். பதின்மூன்று ஆண்டுகளின் பின் ஸ்கௌவோடு வாதிடவிருந்த அதே மைக்கல் செப்பேட், டேவிஸ் என்னும் தோழரோடு, 1955இல் இலண்டனில் அதனைச் செய்தார். அச்சமும் சோர்வும் கொண்ட நோயாளருட் சிலருக்கு ரெசர்ப்பினும் மற்றையோருக்குப் போலிக் குளிகையும், எவருக்கு எது என்பது முறைமாற்றி ஒதுக்கப்பட்டுக் கொடுக்கப்பட்டன. ரெசர்ப்பின் உண்டவர்கள் மேலும் சோரவில்லை. போலிக் குளிகை உண்டவரினும் நன்றாகவே தேறினர். கட்டுரை லான்செற் என்னும் பேர்பெற்ற வைத்திய இதழிலேயே வந்தது. கோட்பாட்டை எழுதியவர்கள் அதனை அரிதாகவே எடுத்துக் காட்டினர். ரெசர்ப்பின் மனச்சோர்வைத் தரும் என்ற வரியோ பாடநூல்களில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சேறிக்கொண்டே வந்தது.